ஏழாம் மாதத்துக் கணக்கெடுப்பு

எங்கள் ஆய்வகத்தின் பதிவேட்டில் ஒரு வரி அவ்வப்போது வரும்: 'கருவிப் பராமரிப்பு. இம்மாதக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை.' முதுகலை முதலாண்டில் நானும் அதை எழுதியிருக்கிறேன். எழுதும்போது நெஞ்சு உறுத்தவில்லை. பேனாவை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

தைவானின் தென்முனையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் கடல் நிலையம் இருக்கிறது. அதற்கு எதிரே உள்ள சிறிய விரிகுடாவில், மூன்று மீட்டரிலிருந்து எட்டு மீட்டர் ஆழத்துக்குள், எண்பது பவளத் திட்டுகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாறையில் அறைந்த ஒரு பிளாஸ்டிக் வில்லை. ஒன்று செத்தால் அதன் எண்ணைப் பக்கத்தில் உள்ள வேறொன்றுக்குக் கொடுப்போம். மாதம் ஒருமுறை இரண்டு பேர் இறங்கி எண்பதையும் பார்க்க வேண்டும். நிறம் என்ன, எவ்வளவு பரப்பு உயிரோடு இருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். இருபத்தொரு வருடங்களாக இது நடக்கிறது. தொடங்கியவர் பெங் சார். அப்போது அவர் மாணவர். இப்போது பேராசிரியர், என் வழிகாட்டி. சுற்றிலும் எங்கே பவளம் செத்தாலும் இந்த விரிகுடா மட்டும் தாக்குப்பிடிக்கிறது என்று அவர் எழுதிய கட்டுரைகள்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தவை. என் ஆய்வேடும் அந்தப் பதிவேட்டின் மேல்தான் நின்றது. ஏன் தாக்குப்பிடிக்கிறது என்பது என் கேள்வி.

நான் அந்த வரியை எழுதியதற்கு அடுத்த வருடம் மே மாதம், பழைய கையெழுத்துப் பக்கங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. சில மாதங்களின் எண்கள் முந்தைய மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் சரியாக நடுவில் இருந்தன. கடல் அப்படி நடுவில் நிற்காது; போன வருடம் நானும் சராசரி போட்டு நிரப்பியிருந்தேன், அந்த ஒரு மாதம்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். இரண்டாவது, அக்டோபர் பக்கங்களில் மட்டும் 'இறந்தது, காரணம் தெரியவில்லை' என்ற குறிப்பு அதிகம். சிலவற்றில் 'புயலாக இருக்கலாம்'.

நடுவில் நின்ற மாதங்களுக்கெல்லாம் பதிவேட்டில் ஒரு காரணம் இருந்தது. படகு எஞ்சின் பழுது. காற்று நிரப்பும் இயந்திரம் பழுது. புயல் எச்சரிக்கை. கருவிப் பராமரிப்பு. ஒரு வருடம் ஆகஸ்ட் தொடக்கத்தில், இன்னொரு வருடம் செப்டம்பரில். வரிசையாக எழுதிப் பார்த்தேன், எந்த ஒழுங்கும் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் மீனவர் சங்கம் கொடுத்த தாள் கிழிக்கும் நாட்காட்டி தொங்கியது. பெரிய எழுத்தில் எல்லோருக்குமான தேதி, கீழே சிறிய எழுத்தில் நிலவுக் கணக்குத் தேதி. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, இத்தனை வருடத் தேதிகளையும் நிலவுக் கணக்குக்கு மாற்றினேன்.

எல்லாம் ஏழாம் மாதம்.

நிலவுக் கணக்கில் ஏழாம் மாதம் இரண்டு முறை வந்த வருடம் ஒன்று உண்டு. அந்த வருடம் இரண்டு மாதமும் கணக்கெடுப்பு இல்லை.

ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் 'பேய்' என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை. 'நல்ல அண்ணன் தம்பிங்க' என்போம். அந்த ஒரு மாதம் அவர்களுக்குப் பாதாளத்தின் கதவைத் திறந்துவிடுகிறார்கள். வாசலில் மேசை போட்டுப் படைப்போம். முகம் கழுவ அவர்களுக்கு ஒரு பேசினில் தண்ணீரும் புதுத் துண்டும் வைப்போம். தண்ணீரில் போனவர்கள் தங்கள் இடத்துக்கு ஆள் தேடுவார்கள், அதனால் நீரில் இறங்கக்கூடாது. இதை எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தந்ததில்லை. சாலையைக் கடக்கும்போது இருபுறமும் பார்ப்பதுபோல அது உடம்பிலேயே இருந்தது. ஆய்வகத்தில் நாங்கள் யாரும் அதை நம்புவதாகச் சொன்னதில்லை. படகு பழுது என்று மட்டும் சொன்னோம். இருபத்தொரு வருடம், வருடத்தின் மிகச் சூடான தண்ணீரை ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

பவளம் பழுப்பாக இருப்பது அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசியால். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளிறிப்போகும். குளிர்ந்தால் சில மீண்டும் பழுப்பாகும், மற்றவை செத்துப் பச்சைப்பாசி மூடிவிடும். அக்டோபரில் போய்ப் பார்ப்பவனுக்குப் பிழைத்தது நலமாகத் தெரியும். செத்ததற்குக் காரணம் தெரியாது.

குலேலே அண்ணாவிடம் தாளைக் காட்டினேன். அவர் நிலையத்தின் முக்குளிப்பு உதவியாளர், பைவான் பழங்குடி இனத்தவர், மலைக்கிராமத்துத் தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பவர். பன்னிரண்டு வருடங்களாக இங்கே இருக்கிறார். தாளைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

"எனக்கும் அந்த மாசம் ஊர்ல அறுவடைத் திருவிழா. லீவு தர்றாங்க, வாங்கிக்கிட்டுப் போயிடுவேன். இவ்வளவு தாராளமா ஏன் தர்றாங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

"இந்த வருஷம் என்கூட இறங்குவீங்களா?"

"உங்க நல்ல அண்ணன் தம்பிங்களுக்கு என் பாஷை தெரியாது. என்னைப் பிடிச்சா என்னத்தைப் பேசுவாங்க? எனக்கு அவங்க பயமில்ல, பெங் சார்தான் பயம். என் வேலை அவர் கையில இருக்கு."

"தெரியும்ணா. அதான் கேக்குறேன்."

அவர் சிலிண்டர் வால்வு ஒன்றை எடுத்து, சுத்தமாக இருந்ததையே மறுபடி துடைத்தார். அவசரப்படுத்தவில்லை நான். கடைசியில், "நாம இறங்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே திருவிழா முடிஞ்சிடும்" என்றார்.

படகுக்காரர் ஹோக் பெரியப்பாவிடம் போய்ப் படகு கேட்டேன், இந்த மாதம் முடியாது என்றார். மனிதர் அன்று காலைதான் தன் வலையோடு கடலுக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

"நீங்க மட்டும் போறீங்களே பெரியப்பா?"

"நான் தண்ணிக்கு மேல போறேன், நீ உள்ள போறே. நான் போனா என் பொண்டாட்டி அழுவா, அதோட முடிஞ்சுது. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கம்மா தோங்காங்ல இருந்து மீன் வெட்டுற கத்தியோட வந்து என் வாசல்ல உக்காருவா. பேசாம போம்மா."

"நான் கரையிலேயே இறங்கிக்கிறேன்."

"நல்லாப் படிச்ச புள்ளைங்கதான் இப்பிடிச் செய்யுதுங்க" என்று வலையிடம் சொன்னார். அன்றே அம்மாவுக்கும் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குத் தோங்காங் மீன் சந்தையில் கடை. தொலைபேசியில் அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கும்.

"ஆ-நிங், என்னடி கேள்விப்படுறேன்?"

"கேட்டது சரிதான்மா."

"மீன் படிக்கப் போறேன்னே, சரின்னேன். கடைசியில மீனும் இல்ல, கல்லைப் படிக்கிறே. அதுக்கும் சரின்னேன். இந்த ஒரு மாசம் கல்லு எங்கயும் ஓடிடாது."

"ஓடாது. செத்துடும்."

"அடுத்த மாசம் போய்ப் பாரு செத்துச்சா இல்லையான்னு!"

"இருபத்தொரு வருஷமா அப்பிடித்தான் பார்த்தோம். அப்பா இந்த மாசம் சூரை பிடிக்கப் போகலையா?"

"அது வயித்துக்குடி. உன்னோடது காகிதத்துக்கு."

அங்கே யாரோ இறால் விலை கேட்டார்கள், அவள் சொன்னாள், பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டாள். அந்த வார்த்தை இரண்டு நாள் என்னோடு இருந்தது. காகிதத்துக்குத்தான். ஆனால் அந்தக் காகிதத்தில் பொய் இருக்கிறது, அதில் ஒன்று என் கையெழுத்தில் இருக்கிறது.

ஏழாம் மாதம் ஆறாம் நாள், காலை எட்டரை மணி. கரையில் இறங்குவதற்கு முன் மணலில் ஒரு பிஸ்கட் பொட்டலம், ஒரு புட்டி குளிர்பானம், மூன்று ஊதுபத்தி வைத்தேன். குலேலே அண்ணா தன் முகமூடியில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"விஞ்ஞானி என்ன வேண்டிக்கிறாங்க?"

"உங்க வம்புக்கு வரல, எண்ணிட்டுப் போயிடுறேன்னு சொன்னேன்."

"எனக்கும் சேர்த்துச் சொன்னியா?"

"நீங்க தனியா உங்க இயேசுகிட்ட சொல்லிக்கங்க."

நான் நம்பாதவள் இல்லை. அன்று அதை மறைக்கவும் இல்லை. நம்பிக்கொண்டே இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் ஏதோ காலைத் தொட்டபோது கத்தியே விட்டேன். கடற்பாசி.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் முதலில் தோன்றியது, முகமூடியில் ஏதோ கோளாறு என்பதுதான். கழற்றித் துடைத்து மாட்டினேன். இல்லை. முதல் வில்லையிலிருந்தே வெள்ளை. கலப்பில்லாத சுண்ணாம்பு வெள்ளை. கிளைப் பவளங்களின் நுனி மட்டும் ஊதா நிறத்தில், கடைத்தெரு விளக்குப்போல ஒளிர்ந்தது. செத்துப்போகவில்லை, இன்னும் உயிர் இருந்தது. விரலை அருகில் கொண்டுபோனால் நுண்கைகள் சுருங்கின. அதற்குள்ளேயே மீன்கள் வழக்கம்போலப் போய்வந்துகொண்டிருந்தன. மணிக்கட்டில் கட்டியிருந்த முக்குளிப்புக் கணிப்பொறி முப்பத்தொரு டிகிரி காட்டியது. எனக்குக் குளிர்ந்தது.

எண்ணினோம். அவர் வில்லையைக் காட்டுவார், நான் பலகையில் பென்சிலால் எழுதுவேன். பதினேழாவது வட்டப் பவளம் எனக்குப் பிடித்தது. என் முதல் கணக்கெடுப்பில் அளந்தது அதைத்தான். அதுவும் வெள்ளை. எழுதிவிட்டு நகர்ந்தேன். இரண்டு முறை சிலிண்டர் மாற்றி இறங்கி எண்பதையும் முடித்தோம். ஐம்பத்திரண்டு வெள்ளை. ஒன்பது பாதி வெளிறியவை. பத்தொன்பது பழுப்பு.

கரைக்கு வந்ததும் குலேலே அண்ணா மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டார். பிஸ்கட் பொட்டலத்தில் எறும்பு ஏறியிருந்தது.

"பன்னெண்டு வருஷம்" என்றார் அவர்.

மூன்று நாள் கழித்துப் பெங் சார் கூப்பிட்டார். அவர் அறையில் எப்போதும் தேநீர்த் தட்டு தயாராக இருக்கும். யார் வந்தாலும், திட்டுவதற்குக் கூப்பிட்டாலும், முதலில் ஒரு சிறு கோப்பை ஊற்றுவார். எனக்கும் ஊற்றினார். மேசையில் பதிவேடு இருந்தது. மேலே நான் தந்த மூன்றாம் அத்தியாயம். அதில் வரைபடத்தின் இருபத்தொரு வருடக் கோடு ஒவ்வொரு ஏழாம் மாதமும் அறுந்திருந்தது. கடைசியில் ஒரே ஒரு புள்ளி, தனியாக.

"யார் அனுமதி குடுத்தது?"

"யாரும் குடுக்கல சார்."

"குலேலேயை யார் கூப்பிட்டது?"

"நான்தான். என்மேல மட்டும் கோவப்படுங்க."

"யார்மேல கோவப்படணும்னு எனக்குத் தெரியும்." கோப்பையைத் தட்டில் சரியான இடத்துக்கு நகர்த்தினார். "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி. ஒரு வருஷத்தைப் பார்த்துட்டு இருபத்தொரு வருஷத்தைப் பத்திப் பேசக்கூடாது. உனக்கு இது தெரியாதா?"

"அதைத்தான் சார் எழுதியிருக்கேன். இருபத்தொரு வருஷத்துல நம்மகிட்ட இருக்கிறது ஒரே ஒரு வருஷம்."

"என்னைப் பொய்யன்ங்கிறே."

"இல்ல சார். போகலைங்கிறேன். நானும்தான் போகல."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவருடைய மௌனம் எனக்குப் பழக்கம். அதில் கோபம் எங்கே முடிகிறது, யோசனை எங்கே தொடங்குகிறது என்று இரண்டு வருடத்தில் கொஞ்சம் கற்றிருந்தேன். அன்று எதுவும் தெரியவில்லை.

"முதல் வருஷம்" என்றார், வேறு குரலில். "எங்கம்மா நான் கால்ல மாட்டி நீந்துற ஃபின் ரெண்டையும் எடுத்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டா. வீடு பூரா தேடினேன். ராத்திரி சோத்துக்கு அரிசி எடுக்கும்போதுதான் தெரிஞ்சுது. அப்புறம் எனக்கும் போக மனசில்ல. எட்டாம் மாசம் போனேன், எல்லாம் பழுப்பா, நல்லா இருந்துச்சு. ஒரு கட்டம் காலியா இருந்தா கட்டுரையைத் திருப்பி அனுப்பிடுவாங்க. ரெண்டு பக்கத்துக்கும் சராசரி போட்டேன். எல்லாரும் செய்யறதுதான்."

"முதல் தடவை சரி சார். அப்புறம்?"

"அப்புறம் அது வழக்கம்."

இருவரும் அரிசிப் பானையை நினைத்துச் சிரித்திருக்கக்கூடிய நேரம் அது. சிரிக்கவில்லை.

அவர் இழுப்பறையைத் திறந்து, வாய்மொழித் தேர்வுக்கான படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் தேர்வு இல்லை, தேர்வு இல்லாமல் பட்டம் இல்லை. ஆஸ்திரேலியாவில் முனைவர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஜனவரிக்குள் பட்டம் காட்ட வேண்டும். இதெல்லாம் அவருக்கும் தெரியும், அங்கே போகச் சிபாரிசுக் கடிதம் எழுதியவரே அவர்தான்.

"மூணாவது அத்தியாயத்தை எடுத்துடு. மத்ததெல்லாம் நல்லாயிருக்கு, உண்மையாவே நல்லாயிருக்கு. இப்பவே கையெழுத்துப் போடுறேன். அங்க போ. அங்க உனக்கு இதைவிடப் பெரிய பாறை கிடைக்கும். எத்தனை மாசம் வேணும்னாலும் இறங்கு."

"மத்த ரெண்டு அத்தியாயமும் அந்தச் சராசரி மேலதான் நிக்குது சார்."

"நிக்கட்டும். விழல இல்ல?"

பதிவேட்டைத் திறந்தேன். போன வருடப் பக்கம். என் கையெழுத்து: கருவிப் பராமரிப்பு. அதன் கீழே நான் சராசரி போட்டு நிரப்பிய எண்பது எண்கள். ஆய்வகத்தில் ஒரு பதிவைத் திருத்தும் முறை உண்டு. அழிக்கக்கூடாது, மை பூசக்கூடாது. ஒரே கோடு, கீழே உள்ளது படிக்கும்படி, பக்கத்தில் பேரும் தேதியும். அப்படியே அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: 'போகவில்லை. ஏழாம் மாதம் என்பதால். ஹுங் யீநிங்.'

"மத்த வருஷங்களை அடிக்க எனக்கு உரிமையில்ல" என்றேன். "அவங்கவங்க வந்து அடிக்கட்டும்."

அவர் அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு படிவத்தை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார்.

"அப்போ இந்த வருஷம் தேர்வு இல்ல."

"சரி சார்."

"கருவி அறைச் சாவியை வை. குலேலே இனி என்கூட மட்டும்தான் இறங்குவான்."

வைத்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது. முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஊற்றியதை விட்டுவிட்டு எழுந்தால் பயந்து ஓடியதுபோல இருக்கும்.

அன்று மாலை அம்மாவிடம் நானே சொன்னேன். இறங்கியதை, பார்த்ததை, இழுப்பறை மூடியதை. ஐஸ் உடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"முட்டியில ஒரு சிராய்ப்பு."

"அவர் கையெழுத்துப் போடலைன்னா?"

"இன்னொரு வருஷம் இங்கயே."

"இன்னொரு வருஷம்னா, இன்னொரு ஏழாம் மாசமா?"

"ஆமா."

"உங்கப்பனை உரிச்சு வெச்சிருக்கே" என்று சொல்லி வைத்துவிட்டாள். அது திட்டா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். திட்டுதான்.

பத்து நாள் கழிந்தது; ஏழாம் மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. ஒரு முறை எண்ணியது போதாது. எத்தனை மீள்கின்றன, எத்தனை சாகின்றன என்று அறிய இரண்டாவது கணக்கு வேண்டும். சிலிண்டர் இல்லை, படகு இல்லை, துணைக்கு ஆள் இல்லை. தனியாக முக்குளிக்க விதி அனுமதிக்காது. அந்த விதியை மீற எனக்கும் விருப்பமில்லை, அது பயத்தால் வந்த விதி அல்ல. இரண்டு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் எழுந்துபோய், விரிகுடாவின் மறுமுனையில், விடுமுறைக் கூட்டத்துக்காக ஏழாம் மாதமும் திறந்திருக்கும் நீர்விளையாட்டுக் கடையில் சுற்றுலாப் பயணியாக ஒரு டிக்கெட் வாங்கினேன். தைபேயிலிருந்து வந்த ஒரு குடும்பம், கல்லூரிப் பையன்கள் நால்வர், ஒரு புதுமணத் தம்பதி, நான். எல்லோருக்கும் ஆரஞ்சு மிதவைச் சட்டை, மூச்சுக்குழாய், பிடித்துக்கொள்ள ஒரே மிதவை வளையம். வளையத்தை இழுத்துக்கொண்டு நீந்துகிறவர் ஷெங் மாஸ்டர். வெயிலில் கறுத்து, காதுமடல் உரிந்துபோன மனிதர்.

"மேடம், அது என்ன கையில?"

"பலகை. எழுதுறதுக்கு."

"தண்ணிக்குள்ள வீட்டுப்பாடமா? வளையத்தை விட்டுடாதீங்க, அவ்வளவுதான்."

ஆழம் குறைந்த பகுதியில் முப்பத்துநாலு திட்டுகள். மேலிருந்து வில்லை எண்கள் தெரியாது. எனக்குத் தேவையும் இல்லை, வகுப்புத் தோழர்களின் முகங்களைப்போல அவை பழகியிருந்தன. ஒரு கையால் வளையம், மறு கையில் பென்சில். வளையம் அவர் இழுத்த பக்கம் போனது. பதினேழாவதைக் கடந்துபோய்விட்டோம்.

"மாஸ்டர், கொஞ்சம் இடப்பக்கம்!"

"அங்க மீன் இல்ல மேடம்!"

"மீன் வேண்டாம்!"

"மீனே வேண்டாம்னு சொல்ற கஸ்டமரை இப்பத்தான் பார்க்கிறேன்." ஆனாலும் இடப்பக்கம் இழுத்தார்.

குடும்பத்தில் ஆறேழு வயதுப் பெண்குழந்தை தலையைத் தூக்கி, மூச்சுக்குழாயைத் துப்பிவிட்டு, "அம்மா, கீழே பனி பெஞ்சிருக்கு!" என்று கத்தினாள்.

"ஆமா கண்ணு, பனிதான்" என்றார் ஷெங் மாஸ்டர். "வருஷா வருஷம் இந்த நேரம் பெய்யும். வளையத்தைப் பிடி, போட்டோ எடுக்கலாம்."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

கரையேறிய பிறகு மற்றவர்கள் குழாயடிக்குப் போனார்கள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் பின்னாலேயே கடைக்குள் போனேன்.

"வருஷா வருஷமா மாஸ்டர்?"

"என்னது?"

"வெள்ளை."

"பெரும்பாலும். சில வருஷம் லேசா, சில வருஷம் பளீர்னு. மூணு நாலு வருஷம் வரவே இல்ல, போன வருஷ போட்டோ மாதிரி இல்லையேன்னு கஸ்டமர் சண்டைக்கு வந்தாங்க." சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் காட்டினார். 'ஆகஸ்ட் பனி: கடலுக்கடியில் குளிர்காலம்!' ஓரங்கள் வெயிலில் மங்கிப்போயிருந்தன. "இது நான் வெச்ச பேரு இல்ல. பதினாலு வருஷம் முன்னாடி நான் வேலைக்கு வந்தப்பவே பழைய மாஸ்டர் அப்பிடித்தான் சொல்வார்."

"யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"யார்கிட்ட? எதிர்ல அவ்வளவு பெரிய நிலையம் இருக்கு. ஆய்வுப் பகுதி, நங்கூரம் போடாதேன்னு போர்டு வெச்சிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிருக்கும்?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாடெங்கிலுமிருந்து வந்த குழந்தைகள், தம்பதிகள், கல்லூரிப் பையன்கள், வருடத்துக்கு எத்தனையோ நூறு பேர் இதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்க்காமல் இருந்தது, பார்ப்பதையே வேலையாக வைத்திருந்த நாங்கள் மட்டும்.

"போட்டோ எடுத்தீங்களே. பழசெல்லாம் வெச்சிருக்கீங்களா?"

"அழிச்சா முதலாளி உதைப்பார். ரெண்டு வருஷம் கழிச்சுக்கூடக் கேட்டு வருவாங்க, காதலி மாறிட்டா, பழைய போட்டோவை அழிச்சிடுங்கன்னும் வருவாங்க." மேசைக்கடியில் இருந்த பெரிய கணினிப் பெட்டியைத் தட்டினார். "தேதி வாரியா இருக்கு. ஆனா எல்லாம் மனுஷ மூஞ்சிதான் மேடம். பவளம் எங்க இருக்கு?"

"மூஞ்சிக்குப் பின்னாடி இருக்கிறது போதும்."

"பதினாலு வருஷத்தையுமா பார்க்கப் போறீங்க?"

"ஆமா."

"சாப்பிட்டுட்டு உக்காருங்க, மயக்கம் வரும்" என்று தன் மதியச் சோற்றுப் பெட்டியில் பாதியை ஒரு மூடியில் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த குழுவுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடப் போனார்.

ஈரத் துணியோடு அமர்ந்து முதல் கோப்பைத் திறந்தேன். பதினாலு வருடம் முன்பு, ஏழாம் மாதம் பதினொன்றாம் நாள். தொப்பை விழுந்த ஒரு மனிதர் தண்ணீருக்கடியில் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால், பாறையின் வடிவத்தால் அடையாளம் தெரிந்த முப்பத்தொன்றாம் திட்டு, சுண்ணாம்பாக. அந்த வருட அக்டோபர் பக்கத்தில் பெங் சாரின் கையெழுத்தில் அதற்குக் குறிப்பு இருந்தது எனக்கு நினைவு வந்தது: 'இறந்தது. புயலாக இருக்கலாம்.' ஓர் ஒளிப்படத்தைக் கணக்கெடுப்பு என்று சொல்ல முடியாது. அவர் அப்படித்தான் சொல்வார், சரியாகத்தான் சொல்வார். ஒவ்வொரு படத்துக்கும் இடம், ஆழம், கோணம் எல்லாம் நிறுவ வேண்டும். ஒரு வருட வேலை. ஒரு வருடம் என்னிடம் இருந்தது.

படத்தைச் சேமித்து, பெங் சாருக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'சார், மூன்றாம் அத்தியாயத்தை எடுக்கவில்லை. அது நீளுகிறது.'

படித்துவிட்டார் என்று காட்டியது. கொஞ்ச நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. சோற்றை ஒரு வாய் போட்டுக்கொண்டு அடுத்த படத்தைத் திறந்தேன். யாரோ ஒரு புதுமணப்பெண், கண்ணை இறுக மூடிக்கொண்டு. அவள் தலைமுடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தேன்.